லிபரேட்டரின் மூக்கில் எத்தனை கிராம் ஈயம்?

போன ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு என் பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் மூன்று சக்கரத்திலும் நின்றது. மேசையைத் தட்டிப் பார்த்தேன், நகர்த்திப் பார்த்தேன், வாலில் விரலால் லேசாகத் தட்டினேன். மூக்கு எழவில்லை. அதற்கு மூன்று வாரம் முன்பு இதே மேசையில், பெயின்ட் எல்லாம் முடிந்த பிறகு, மூக்கு மேலே போய் வால் தரையில் உட்கார்ந்துவிட்டது. பதினான்கு மாத வேலையில் என்னை உண்மையிலேயே கலங்கடித்தது அந்த ஒரு நிமிடம்தான். இந்தப் பதிவை அதற்காகவே எழுதுகிறேன். முன்சக்கரம் உள்ள பெரிய விமானம் எதையும் கட்டப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உதவும்.

கிட், அதாவது ஒட்டிக் கட்ட வேண்டிய பாகங்களின் பெட்டி, மோனோகிராம் நிறுவனம் 1976-ல் வெளியிட்ட பி-24ஜே; நிஜ விமானத்தில் 48-ல் ஒரு பங்கு அளவு. நிஜ விமானத்தின் இறக்கை விரிவு 33.5 மீட்டர், மாடலில் 70 செ.மீ. நீளம் சுமார் 43 செ.மீ. பெட்டி திறந்த பழைய கிட்டாக 6,200 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு எஞ்சின் மூடி இல்லை, மூக்குத் துப்பாக்கிக் கூண்டின் கண்ணாடி விரிசல், மாடலில் ஒட்டும் அடையாளப் படங்கள் உள்ள டெக்கால் தாள் மஞ்சளேறிப் போயிருந்தது. டெக்காலைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அமெரிக்க அடையாளங்களோடு இதைக் கட்டும் எண்ணமே எனக்கு இல்லை.

உலகப் போரில் 18,000-க்கும் மேல் செய்யப்பட்ட விமானம் இது. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப்படை தன் லிபரேட்டர்களைக் கான்பூரில் குவித்து, இனி யாரும் பறக்கவிட முடியாதபடி சேதப்படுத்திவிட்டுப் போனது. 1948-ல் பெங்களூர் எச்.ஏ.எல். அவற்றைப் பறக்கும் அளவுக்கு மட்டும் ஒட்டுப்போட்டது. விமானி ஜம்ஷெட் முன்ஷி ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். அங்கே முழுதாகப் புதுப்பிக்கப்பட்டு, சுமார் நாற்பது விமானங்கள் இந்திய விமானப்படையில் சேர்ந்து 1968 வரை பறந்தன. இன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் நிற்கும் லிபரேட்டர்களில் பல அப்படி நம் கையால் உயிர் பெற்றவை. லண்டனில் உள்ளது நம் விமானப்படை எண் எச்இ807. அரிசோனாவின் டூசான் நகரில் உள்ளது எச்இ877. 1969-ல் இங்கிருந்து பறந்தே போய்ச் சேர்ந்தது. நான் கட்ட எடுத்துக்கொண்டது அந்த எச்இ877.

நான் இருப்பது சென்னை நங்கநல்லூர். 1944-ல் பிரிட்டிஷ் விமானப்படையின் 200-ஆம் ஸ்குவாட்ரன் லிபரேட்டர்கள் பக்கத்துப் பரங்கிமலையிலிருந்துதான் கடல் ரோந்துக்குக் கிளம்பின. என் மொட்டை மாடிக்கு மேலே இவை பறந்திருக்கும் என்ற நினைப்பு வேலை சலித்த நாட்களிலெல்லாம் என்னை மேசைக்குத் திரும்பக் கூட்டி வந்தது.

முதல் வேலை எல்லா ஸ்ப்ரூவையும், அதாவது பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டங்களையும், பாத்திரம் துலக்கும் சோப்பில் கழுவியது. ஐம்பது வருஷத்துக்கு முன் பூசிய அச்சு எண்ணெய் இன்னும் இருக்குமா என்று நினைக்க வேண்டாம், இருக்கிறது. நான் இறக்கைகளைக் கழுவினேன், வால் தகடுகளை விட்டுவிட்டேன். பின்னால் மாஸ்கிங் டேப்பை உரித்தபோது பெயின்ட் பிய்ந்து வந்த ஒரே இடம் வால்தான்.

அப்புறம் எஞ்சின் மூடி. லிபரேட்டரின் மூடி வட்டமாக இருக்காது. எஞ்சினின் இரண்டு பக்கமும் காற்று உள்ளே போகும் வாய்கள் இருப்பதால் கிடைமட்டமாக நீண்ட முட்டை வடிவம். அதனால் குழாய்த் துண்டு எதையும் வெட்டி ஒப்பேற்ற முடியாது. இருக்கிற மூன்றில் ஒன்றை அச்சாக வைத்து வார்க்க வேண்டும். சிற்ப வேலைக்குச் சிலிகான் விற்கும் கடையில் அரைக் கிலோ 780 ரூபாய்க்கு வாங்கினேன். லெகோ கட்டைகளால் பெட்டி கட்டி, மூடியைக் களிமண்ணில் பாதி புதைத்து, இரண்டு பாகமாக அச்சு எடுத்தேன். அச்சு நன்றாகவே வந்தது. வார்ப்பில்தான் சறுக்கினேன்.

மாடல்காரர்கள் எல்லோரும் சொல்லும் பாலியூரித்தேன் ரெசினை 640 ரூபாய்க்கு வாங்கி ஊற்றினேன். ஆகஸ்ட் மாதம், மழை பெய்து ஓய்ந்த ராத்திரி. ரெசின் பன் மாதிரி உப்பி வந்தது; அறுத்துப் பார்த்தால் உள்ளே முழுக்கக் குமிழி. மூன்று முறை ஊற்றியும் அதே கதை. காற்றிலுள்ள ஈரத்தோடு அந்த ரெசின் வினைபுரிந்து வாயு விடும் என்பது பிறகுதான் தெரிந்தது. டப்பாவை ஒருமுறை திறந்துவிட்டால் சென்னை ஈரத்தில் மிச்சமும் கெட்டுவிடும். கடைசியில் சாவிக்கொத்தும் கோஸ்டரும் செய்கிறார்களே, அந்த எபாக்சி ரெசினை 340 ரூபாய்க்கு வாங்கினேன். காய 24 மணி நேரம் எடுக்கும், ஆனால் ஈரத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. கலந்த கோப்பையை வெந்நீரில் இரண்டு நிமிடம் வைத்தால் இளகும், குமிழி தானே மேலேறி வெடிக்கும். முதல் வார்ப்பிலேயே மூடி கிடைத்தது. விளிம்பு மட்டும் கொஞ்சம் தடிமன். உள்பக்கம் வாட்டர் பேப்பரை விரலில் சுற்றித் தேய்த்து முக்கால் மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன்.

இறக்கையில் இரண்டு மாதம் போனது. அதில் ஒரு மாதம் வீண். இந்தக் காலத்துக் கிட்களில் தகடுகளின் இணைப்புக் கோடுகள் பள்ளமாக இருக்கும். இதில் எல்லாம் மேடு. பள்ளமாக மாற்றினால்தான் அழகு என்று நம்பி, இடது இறக்கையின் மேடுகளை முழுக்கத் தேய்த்துவிட்டு, டைமோ என்ற தடித்த லேபிள் டேப்பை ஓரமாக ஒட்டி ஊசியால் கீறினேன். இந்த இறக்கை ரொம்ப நீளம், ரொம்பக் குறுகல். உடலிலிருந்து நுனி வரை ஓடும் கோடு 30 செ.மீ.க்கு மேல். டேப் வளையும், ஊசி விலகும், அதைப் புட்டியால் அடைத்து மறுபடி கீறினால் ஊசி பிளாஸ்டிக்கில் ஒரு மாதிரியும் புட்டியில் வேறு மாதிரியும் இறங்கும். பதினொரு சாயங்காலம் உட்கார்ந்தேன். பிரைமர் அடித்துப் பார்த்ததும் கோடுகள் அலையலையாகத் தெரிந்தன.

வலது இறக்கையை அப்படியே விட்டுவிட முடிவு செய்தேன். இடது இறக்கையின் கீறல்களை எல்லாம் அடைத்து, மேட்டுக் கோடுகளைப் புதிதாக உருவாக்கினேன். அதற்கு வழி, இழுத்த ஸ்ப்ரூ. பாகங்கள் ஒட்டியிருக்கும் சட்டத்தை ஒரு சாண் வெட்டி மெழுகுவர்த்திச் சுடருக்கு இரண்டு அங்குலம் மேலே உருட்டினால் நடுவில் பளபளவென்று இளகும். சுடரிலிருந்து விலக்கி, இரண்டு விநாடி பொறுத்து, ஒரே சீராக இழுத்தால் தலைமுடி போல் நூல் வரும். வேகமாக இழுத்தால் மெல்லியது, மெதுவாக இழுத்தால் தடிமன். அதைக் கோட்டின் மேல் விறைப்பாகப் பிடித்து, டமியா எக்ஸ்ட்ரா தின் பசையைத் தூரிகை நுனியால் தொட்டால் போதும், ஓடி ஒட்டிக்கொள்ளும். பசை ஒரு சொட்டு கூடினால் நூலே கரைந்துவிடும். நான்கே நாளில் முழு இறக்கையும் முடிந்தது. அலுமினிய நிறம் ஏறிய பிறகு எது பழைய கோடு, எது நான் ஒட்டியது என்று எனக்கே தெரியவில்லை. உடலின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் தேய்த்தபோது அழிந்த கோடுகளையும் இப்படியே மீட்டேன்.

உடலை மூடுவதற்கு முன், மூக்கு எழாமலிருக்கப் பாரமாக ஈயம். இங்கேதான் பின்னால் வந்த தொல்லைக்கு விதை விழுந்தது, அதனால் எண்களோடு சொல்கிறேன். உடல், இறக்கை, வால் எல்லாவற்றையும் டேப்பால் கட்டி, பின்சக்கரங்களின் அச்சு வரும் கோட்டில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி அதன் மேல் மாடலை வைத்தேன். மூக்கின் நுனியில் காகிதக் கோப்பையைத் தொங்கவிட்டு, காசிமேட்டில் 180 ரூபாய்க்கு வாங்கிய தூண்டில் ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். 62 கிராமில் மூக்கு தாழ்ந்தது. பாதுகாப்புக்கு 70 கிராம் என்று முடிவு செய்து, விமானி இருக்கைகளின் தளத்துக்கு அடியிலும் பின்னாலும் இடம் பார்த்து அடைத்து மூடிவிட்டேன்.

கோப்பை தொங்கியது அச்சிலிருந்து 14 செ.மீ. தூரத்தில். ஈயம் போன இடம் அச்சிலிருந்து 9 செ.மீ. தூரத்தில். ஏற்றமரத்தில் நுனியில் நிற்பவனும் நடுவில் நிற்பவனும் ஒரே பாரம் தருவதில்லை என்பது தெரிந்த விஷயம்தான், மேசையில் தோன்றவில்லை. 62-ஐ 14-ஆல் பெருக்கினால் 868. 70-ஐ 9-ஆல் பெருக்கினால் 630. அந்த 238 குறை அன்றைக்கே உள்ளே உட்கார்ந்துவிட்டது.

ஒன்று மட்டும் சரியாகச் செய்திருந்தேன். ஈயத்தை ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் ஒட்டவில்லை. அந்தப் பசை நாளாக நாளாக ஈயத்தை அரித்து, வெள்ளைப் பொடியாக உப்ப வைத்து, சில வருஷத்தில் உடலையே பிளந்துவிடும். அரல்டைட்டில் குழைத்து வைத்தேன். கையுறை போட்டுக்கொண்டுதான் ஈயத்தைத் தொட்டேன்.

எழுபது செ.மீ. இறக்கையை நிரந்தரமாக ஒட்டினால் வீடு மாறும்போது என்ன செய்வது? கழற்றி மாட்டும்படி செய்ய நினைத்தேன். லிபரேட்டரின் இறக்கை உடலின் மேல்பாதியில் குறுக்காகப் போவதால் குழாய் செருக உள்ளே இடம் உண்டு. பழைய ரேடியோ ஆன்டெனாவை அறுத்தால் ஒன்றுக்குள் ஒன்று பிசிறில்லாமல் நுழையும் குழாய்கள் கிடைக்கும், செலவே இல்லை. முதலில் ஒரே நேர்க் குழாயைக் குறுக்கே செருகினேன். இறக்கை இரண்டும் பலகை மாதிரி மட்டமாக நின்றன. நிஜத்தில் அவை நுனியை நோக்கி லேசாக ஏறும்; கிட்டின் பிடிப்புகளை வைத்து அளந்தபோது நுனியில் 18 மி.மீ. உயரம் வர வேண்டியிருந்தது. குழாயை நடுவில் அறுத்து, வளைத்த எஃகுக் கம்பியை இரண்டு துண்டுக்குள்ளும் செருகி, நுனிகளுக்கு அடியில் 18 மி.மீ. உயரத்துக்குத் தீப்பெட்டியும் அட்டையும் அடுக்கி, அரல்டைட் ஊற்றி ஒரு நாள் அசைக்காமல் விட்டேன். இப்போது இரண்டு நுனிக்கும் மேசையிலிருந்து உள்ள உயரத்தில் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

குண்டறைக் கதவுகளை மூடியே ஒட்டினேன். இந்த விமானத்தில் அவை கீழ்நோக்கித் திறப்பதில்லை. கடை ஷட்டர் மாதிரி உடலின் வெளிப்புறத்தை ஒட்டி மேலே ஏறும். திறந்து வைத்தால் பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் என் ஆன்டெனாக் குழாய் உள்ளே தெரியும்.

விரிசல் விட்ட மூக்குக் கண்ணாடிக்கு எம்-சீல் உதவியது. பழைய கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய் தடவி எம்-சீலை அழுத்தி, இறுகியதும் எடுத்து, 1000, 2000 எண் வாட்டர் பேப்பரில் தேய்த்து வழவழப்பாக்கினேன். அதை ஒரு குச்சியில் குத்தி, அடி அறுத்த தண்ணீர் பாட்டிலுக்குள் நிறுத்தி ஹாட் ஏர் கன்னால் சூடு காட்டினால் பாட்டில் சுருங்கி அச்சைக் கவ்விக்கொள்ளும். ஆறு பாட்டில் போனது, ஏழாவது தெளிவாக வந்தது. வரி விழாத வழவழப்பான பாட்டிலாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

பெயின்ட் கட்டம் அக்டோபரில் வந்தது, அதாவது மழையோடு. வெற்று அலுமினியத் தோற்றத்துக்கு அடியில் பளபளப்புக் கறுப்பு வேண்டும். கறுப்பு எவ்வளவு கண்ணாடியாக இருக்கிறதோ அவ்வளவுதான் உலோகமும் உலோகமாகத் தெரியும். டமியா எக்ஸ்-1 கறுப்பை லாக்கர் தின்னரில் கலந்து, வராந்தாவில் ஏர்பிரஷ்ஷால் 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அடித்தேன். பத்தாவது நிமிடம் கறுப்பு சாம்பல் பூத்துவிட்டது. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, ஈரக் காற்று அதன் மேல் படிகிறது. அன்று செல்போன் காட்டிய ஈரப்பதம் 84 சதவீதம். எல்லாவற்றையும் 2000 எண் தாளில் தேய்த்து எடுத்தேன்.

அடுத்த முறை படுக்கை அறை ஏசியை ‘டிரை’யில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு ஈரப்பதத்தை 52-க்குக் கொண்டுவந்தேன். கார்பன் வடிகட்டி உள்ள முகமூடி போட்டு, பத்து நிமிடம் அடித்து, ஜன்னலைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தி வெளியே வந்துவிடுவேன். ராத்திரி அந்த அறையில் யாரும் படுப்பதில்லை. கறுப்பு கண்ணாடி போல் வந்தது. இரண்டு நாள் காயவிட்டு, வலேஹோ மெட்டல் கலர் அலுமினியத்தை 15 பி.எஸ்.ஐ.யில் மூடுபனி போல் நான்கு பூச்சு. தனித்தனித் தகடுகளுக்கு அதே நிறத்தில் ஒன்றிரண்டு சொட்டுக் கறுப்போ வெள்ளையோ சேர்த்து வேற்றுமை காட்டினேன். ஹார்டுவேர் கடை என்.சி. தின்னரைப் பற்றி ஒரு வார்த்தை: அதைப் பிளாஸ்டிக் கரண்டியில் அடித்துப் பார்த்தேன், மேற்பரப்பு வெடித்துப் பாளம் பாளமாகிவிட்டது. ஏர்பிரஷ் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புதுக் கலவையும் என் வீட்டில் முதலில் கரண்டிக்குத்தான்.

வட்ட அடையாளங்களை டெக்கால் இல்லாமல் பெயின்டிலேயே போட்டேன். வெளியே காவி, அடுத்து வெள்ளை, நடுவில் பச்சை. புகைப்படத்தில் உடலின் உயரத்தோடு விகிதம் பார்த்து உடலுக்கு 28 மி.மீ. என்று வைத்துக்கொண்டேன். முதலில் முழு வட்டமும் வெள்ளை, பிறகு நடுவை மட்டும் திறந்து பச்சை, கடைசியில் நடுவை மூடிக் காவி வளையம். அடியில் வெள்ளை இல்லாவிட்டால் அலுமினியத்தின் மேல் காவி செங்கல் நிறமாக இறங்கிவிடும். வட்டங்களுக்கும் எண்ணுக்கும் மறைப்புத் தாள் வெட்டியது பைக் ஸ்டிக்கர் கடையின் பிளாட்டர் என்ற வெட்டும் இயந்திரத்தில், 250 ரூபாய். எச்இ877 எழுத்துகளை 4 மி.மீ. உயரத்தில் கேட்டேன். “அண்ணா, அஞ்சுக்குக் கீழ போனா பிளேடு எழுத்தையே பிச்சிடும்” என்று அந்தத் தம்பி தயங்கினார். மெல்லிய மாஸ்கிங் தாளை நானே கொண்டுபோய்க் கொடுத்து, வேகத்தைக் குறைத்து வெட்டச் சொன்னேன். நான்கு முறை வெட்டியதில் மூன்றாவது சுத்தமாக வந்தது.

எல்லாம் முடிந்து சக்கரங்களை மாட்டி மேசையில் விட்டபோதுதான் வால் உட்கார்ந்தது.

முதல் நாள் அதைத் தொடவே இல்லை. மறுநாள் பழைய கோப்பையை மறுபடி மூக்கு நுனியில் தொங்கவிட்டேன். இன்னும் 23 கிராம் தேவைப்பட்டது. 14 செ.மீ. தூரத்தில் 23 என்றால் 322. முன்பு சொன்ன கணக்கில் விட்டது 238. மிச்சம், எடை பார்த்தபோது நான் மாட்டியிருக்காத வால் துப்பாக்கிக் கூண்டும் வாலில் அப்பிய புட்டியும். மூன்றே கிராம்தான், ஆனால் அச்சிலிருந்து 26 செ.மீ. தள்ளி. மூக்கைத் திறக்க வழியில்லை, கண்ணாடியெல்லாம் ஒட்டியாகிவிட்டது. வால் அடியில் குச்சி முட்டுக் கொடுக்கலாம் என்று சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை.

எஞ்சின்கள் என்னைக் காப்பாற்றின. பெயின்ட் வசதிக்காக மூடிகளைத் தனியே வைத்து, கடைசியில் ஒரு பொட்டுப் பசையில் மட்டும் மாட்டியிருந்தேன். எஞ்சினுக்குப் பின்னால் உள்ள வெற்றிடம் சக்கர அச்சுக்கு 4.5 செ.மீ. முன்னால் வருகிறது. 322-ஐ 4.5-ஆல் வகுத்தால் 72 கிராம். எஞ்சினுக்கு 20 வீதம் நான்கிலும் 80 கிராம் அரல்டைட்டில் அடைத்தேன். ஆக மாடலுக்குள் இப்போது 150 கிராம் ஈயம் இருக்கிறது. பின்சக்கரக் கால்கள் அந்தப் பாரத்தில் மெல்ல விரிய ஆரம்பித்தன. கழற்றி, 1 மி.மீ. துளை போட்டு எஃகுக் கம்பி செருகி மாட்டினேன். அதற்குத்தான் மூன்று வாரம் ஆனது.

வீணான ரெசினையும் சேர்த்து மொத்தம் 12,740 ரூபாய். கிட் போக, பெயின்டும் கிளியர் கோட்டும் 3,450, உப்புத்தாளும் டேப்பும் 900.

அடுத்த முறை ஈயக் கோப்பையை ஈயம் உட்காரப் போகும் இடத்துக்கு நேர் மேலேதான் வைப்பேன், வால் துப்பாக்கி முதல் கடைசித் துணுக்கு வரை டேப்பில் ஒட்டிய பிறகே எடை பார்ப்பேன். சக்கரக் காலில் கம்பியை முதல் வாரத்திலேயே செருகிவிடுவேன். கறுப்பு அடிக்கும் வேலையை பிப்ரவரிக்குத் தள்ளி வைப்பேன். மேட்டுக் கோடுகளைத் தொடவே மாட்டேன். வால் தகடுகளையும் சோப்பில் கழுவுவேன்.

அலமாரித் தட்டின் ஆழம் 38 செ.மீ.தான். அதனால் எச்இ877 இப்போதைக்கு இறக்கை மாட்டி வரவேற்பறை மேசையில் நிற்கிறது. தச்சரிடம் 80 செ.மீ.க்கு 50 செ.மீ. அளவில் ஒரு பலகை சொல்லியிருக்கிறேன்.